வாக்குத் தவறினால் நோய் வளரும்

நோய்க்காலத்தில் மருந்துக்கு முன்னே வரவேண்டியது நம்பிக்கை. சுகாதார இலாகா சொல்வதை நம்புகிறவன் காய்ச்சல் கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போவான். நம்பாதவன் மறைப்பான், அவன் மறைத்த காய்ச்சல் லயம் முழுவதையும் படுக்கவைக்கும். கொரோனா கற்பித்த இந்தப் பாடத்தை, அடுத்த நோய் வருமுன் நினைவூட்டுவது நம் கடமையெனக் கருதுகிறோம்.

நடந்தது என்ன? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பத்திரமில்லாத அந்நியரும் அஞ்சாமல் பரிசோதனைக்கு வரலாம், யாரையும் பிடிக்கமாட்டோம் என்று அம்மாதத்திலேயே அரசாங்கம் வாக்களித்தது. நல்ல வாக்கு; நாமும் வரவேற்கத்தக்கது. ஆனால் மே 1-ஆம் நாள், தொழிலாளர் தினத்தன்று, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நோய்க்காக அடைத்துவைத்திருந்த கட்டடங்களுக்குள் குடிநுழைவு அதிகாரிகள் புகுந்தனர். பத்திரமில்லாத 586 பேர் பிடிபட்டனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். மாதம் முடிவதற்குள் புக்கிட் ஜாலில், செமினி, சிப்பாங் தடுப்பு முகாம்களில் நோய் புகுந்துவிட்டது.

2021-இலும் அதே கதைதான். பத்திரமில்லாதவருக்கும் இலவசத் தடுப்பூசி உண்டு, பிடிக்கமாட்டோம் என்று பிப்ரவரியில் சொன்னார்கள். ஜூனில் மீண்டும் வேட்டை நடந்தது. இதன்பின் மூன்றாம் முறை அழைத்தால் எவன் வருவான்?

சட்டத்தை அமல் நடத்தக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். சட்டம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மருந்து கொடுக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே விலங்கு மாட்டும் மேசையைப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறோம். நோய்க்கிருமி பாஸ்போர்ட் பார்த்துத் தொற்றுவதில்லை.

'அந்நியர் விவகாரம் நமக்கெதற்கு?' என்று நம்மவரே கேட்பதுதான் வருத்தத்துக்குரியது. கூலிம் வட்டாரத் தோட்டங்களுக்கு நம் பாட்டன்மார் எப்படி வந்தார்கள்? பினாங்கில் கப்பல் சேர்ந்ததும் ஜெரெஜாக் தீவின் குவாரண்டைன் முகாமில் அடைபட்டுக் கிடந்துதானே தோட்டம் சேர்ந்தார்கள்! பாஷை தெரியாத ஊரில், யார் என்ன செய்வார்களோ என்று அவர்கள் பட்ட பயத்தை, இன்று நம் பக்கத்து நிரையில் பால் வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளியும், ஹைடெக் ஆலைக்குப் போகும் நேப்பாளியும் வங்காளதேசியும் படுகிறார்கள்.

அந்த வலி நமக்கும் புதிதல்ல. 2020-இல் நம் கெடாவிலேயே, இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவர் தனிமைக் காவலை மீறியதால் பரவிய நோய்க்கூட்டத்துக்குச் 'சிவகங்கை' என்று பெயர் சூட்டினார்கள். குற்றத்துக்குக் கோர்ட்டு தண்டனை கொடுத்தது, அது நியாயம். ஆனால் ஒருவர் தவறுக்கு ஒரு சீமையின் பெயரே நோயின் பெயரானபோது, அந்தச் சீமையின் பேரப்பிள்ளைகளுக்கு எப்படியிருந்தது? பழிக்கு அஞ்சுகிறவனும் நோயை மறைக்கவே செய்வான்.

ஆகவே நாம் கோருவது இவை. நோய்க்காலத்தில் கொடுக்கும் வாக்கை அரசாங்கம் எழுத்தில் கொடுக்கட்டும். அதைத் தொழிலாளியின் பாஷையிலேயே அச்சிடட்டும். எல்லா இலாகாவும் அதற்குக் கட்டுப்படட்டும். நோயைச் சொன்னவனுக்கு அன்றைய கூலி போய்விடும் என்ற பயமும் நீங்கவேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுமுறை உண்டு. அந்நியத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். நிர்வாகங்கள் இதைப் பெரட்டிலேயே சொல்லட்டும்.

நமக்கும் பங்குண்டு. கிராணிமார்களே, சுகாதார அறிவிப்பை ஆபீஸ் சுவரில் ஒட்டியதோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். படிக்கத் தெரியாதவனுக்குப் படித்துக் காட்டுங்கள். கமிட்டி உறுப்பினர்களே, கைத்தொலைபேசியில் வரும் வதந்தியை நீங்களும் பரப்பாதீர்கள். சந்தேகமிருந்தால் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்து சொல்லுங்கள். பயந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தனியே அனுப்பாமல், கூடவே போய் வாருங்கள். ஆயிரம் விளம்பரம் செய்யாததை, தெரிந்த மனிதன் ஒருவனின் துணை செய்துவிடும்.

வெட்டிய மரத்தில் பட்டை மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும் என்பது பால்வெட்டுக்காரனுக்குத் தெரியும். ஒரே நாளில் வெட்டிய நம்பிக்கையும் அப்படித்தான். அது மீண்டும் வளர, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.