முப்பத்தைந்து

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் வயது 35க்கு மேல், 70க்குள். (நிலமும் வேதமும் கேட்ட பிராமணச் சபை அது. ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் அந்த வரிகளையும் படிக்கலாம்.) ஏரியையும் பொன்னையும் பார்த்துக்கொள்ள முப்பத்தைந்து ஆகாதவன் வேண்டாம் என்றது என் ஊர். என் துறையில் முப்பத்தைந்து தாண்டினவனுக்குப் பெயர் ‘காஸ்ட்’.

எங்க ஊர் அண்ணன் ஒருத்தர், 44 வயசு. போன வருஷம் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. “நீங்களே பேப்பர் போட்டுடுங்க. டெர்மினேஷன்னு போட்டா அடுத்த கம்பெனிக்காரன் வெரிஃபிகேஷன்ல பார்ப்பான்.” கையெழுத்துப் போட்டுட்டார். இனி அது பணிநீக்கம் இல்லை, ராஜினாமா.

அமெரிக்காவில் நாற்பது வயதானவர்களைக் காக்க 1967லேயே சட்டம் வந்தது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதும் அதில் குற்றம். நம் அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு மதம், சாதி, பால் என்று அடுக்குகிறது. வயது இல்லை. அதுவும் அரசு வேலைக்கு மட்டும்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் ஆட்குறைப்பில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்றது. மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். நிர்வாகத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னவரை நீக்குவதை முறையற்ற தொழில் நடவடிக்கை என்றது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் இந்த வரிசையை விடவில்லை. அதாவது, அனுபவத்துக்கான பாதுகாப்பு காகிதத்தில் இருக்கிறது. அதனால்தான் அவர்களுக்கு உங்கள் கையெழுத்து தேவைப்படுகிறது. நீங்கள் ‘தொழிலாளி’யே இல்லை என்று காட்ட ‘மேனேஜர்’ என்ற பட்டமும். கீழே ஒரு ஆள்கூட இல்லாத மேனேஜர்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும்!

2015 ஜனவரியில் டிசிஎஸ்ஸில் வேலை பார்த்த ஒரு கர்ப்பிணிப் பெண் கையைக் கட்டிக்கொண்டு போகவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. பத்து வருஷம் கழித்து, 2025 ஜூலையில், அதே நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். ‘ஸ்கில் அப்டேட் பண்ணலைன்னா அப்படித்தான்’ என்று கமெண்ட் போட்டவர்களில் பாதிப் பேருக்கு இருபத்தாறு வயது இருக்கும். பையா, போன வருஷம்வரை அண்ணனுக்கு நல்ல ரேட்டிங் கொடுத்ததும் அதே மேனேஜர்தான்.

லேபர் ஆபீஸ்ல மனு கொடுக்கலாம்ணே, கட்டாயப்படுத்தி வாங்கின ராஜினாமான்னு எழுதலாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை.

“லேப்டாப்ப அன்னைக்கே வாங்கிட்டாங்கடா. ஒரு மெயில்கூட கையில இல்ல.”