பன்னிருதந்திக் கித்தாரும் அதன் நிழலும்

1964-ஆம் ஆண்டில் ஆங்கில இசைவாணர் ஜார்ஜ் ஹாரிஸன் ரிக்கன்பாக்கர் பன்னிருதந்தி மின்கித்தாரை மீட்டி அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தார். அதன் தந்திகள் ஆறு இணைகளாம். ஓரிணைத் தந்திகள் இரண்டும் முற்றும் ஒவ்வாது, நூலிழை விலகி ஒலித்தலாலேயே அவ்வின்னோசை பிறக்கின்றது.

இந்நூற்றாண்டில் தோன்றிய வேரியாக்ஸ் என்னும் கருவியோ ஆறு தந்திகளே உடையது. ஒவ்வொன்றின் அதிர்வையும் தனித்தனியே வாங்கி, இல்லாத இணைத்தந்தியின் ஒலியைக் கணிப்பொறியாற் கணித்துத் தருவது. சுருதி கூட்டும் தொல்லை குறைவு. ஊர்தோறும் சென்று வாசிப்பார்க்குப் பெருந்துணை. ஆதலின் பழையதை விற்றுவிடலாம் என்பர் சிலர்.

அஃது எமக்கு உடன்பாடன்று. கணித்த ஒலி ஒரு தந்தியின் நிழலே. இரு தந்திகளை ஒருங்கே அழுத்தி இணக்கும் விரலின் உழைப்பு அதன்கண் இல்லை. அவ்வுழைப்பே கலைஞனை உருவாக்குவது. புதியதைப் பணியாளாக ஏற்போம். உரிமை மகவாக்குதல் வேண்டா.