குழந்தைக்குக் கப்பலைக் காட்டுங்கள்!

பெரம்பலூரில் கடல் இல்லை. அரியலூரிலும் கடல் இல்லை. ஆனால் கடல் கடந்து கப்பல் படையை அனுப்பிய மன்னனின் தலைநகர் இங்கேதான் இருந்தது!

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, கங்கைகொண்ட சோழபுரம். இராஜேந்திர சோழன் உண்டாக்கிய ஊர் அது. அவனுடைய படை 1025-ம் ஆண்டு கடாரத்தை வென்றது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவில் உள்ள கெடா.

விடுமுறை நாளில் பல குடும்பங்கள் சோற்று மூட்டையோடு அங்கே போகின்றன. சாமி கும்பிடுகிறார்கள். நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வீடு திரும்புகிறார்கள். அங்குள்ள காட்சிசாலையைப் பலர் எட்டிப் பார்ப்பது இல்லை.

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பெரியவன் ஆனதும் பார்க்கட்டும்" என்கிறார்கள் பெற்றோர்.

இது தவறு!

ஏறிப் பார்த்தால் புரியும்

விசாகப்பட்டினம் கடற்கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. பெயர், குர்சுரா. நீளம் 91 மீட்டர். 1969-ம் ஆண்டு நம் கடற்படையில் சேர்ந்தது. 2001-ல் ஓய்வு பெற்றது. 2002-ல் காட்சிசாலை ஆனது.

குழந்தைகள் அதற்குள்ளேயே நடந்து போகலாம். குறுகிய வழி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை. "இதில் எப்படித் தூங்குவார்கள்? ஜன்னல் எங்கே?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விதான் படிப்பின் தொடக்கம்.

ஆனால் பெரம்பலூரில் இருந்து விசாகப்பட்டினம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கூலி வேலை செய்யும் குடும்பம் அவ்வளவு தூரம் போக முடியுமா?

போக வேண்டியது இல்லை. கதை வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

சீனத்துப் பாண்டம்

சோழர் அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு. அங்கே மண்ணைத் தோண்டியபோது சீனத்துப் பாண்டங்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன.

பிள்ளையிடம் கேளுங்கள்: "சீனா எங்கேயோ இருக்கிறது. இந்தப் பாண்டம் இங்கே எப்படி வந்தது? மாட்டு வண்டியிலா?"

பிள்ளை யோசிக்கும். "கப்பல்!" என்று கத்தும். அதை அடக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம். இரண்டு மூன்று பொருள் போதும். பெண் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாளா? படிக்கட்டும். அதில் வெட்கம் இல்லை. அம்மா படிப்பதைக் கேட்பதே பிள்ளைக்குப் பெருமை.

வெற்றியை மட்டும் சொல்லாதீர்கள். படை போய் இறங்கிய ஊரிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அதையும் சொல்லுங்கள்.

அரசு செய்ய வேண்டியது

காட்சிசாலைப் பலகைகளில் பெரிய எழுத்து வேண்டும். எளிய தமிழ் வேண்டும். குழந்தையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். குழந்தைகள் ஏறி விளையாட ஒரு மரக்கப்பலும் வேண்டும். கப்பல் படையால் புகழ் பெற்ற ஊரில் ஒரு கப்பல் நிற்பதுதானே முறை?

இந்த மாவட்டங்களில் அப்பா மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கடல் வெறும் பாடம் அல்ல. அது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே கிடக்கும் தண்ணீர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரார் அந்தக் கடலைக் கடந்து போனார்கள், திரும்பியும் வந்தார்கள் என்று தெரிந்தால், அந்தப் பிஞ்சு மனத்துக்கு எவ்வளவு தெம்பு!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோற்று மூட்டையைக் கட்டுங்கள். சாமி கும்பிட்ட பிறகு, காட்சிசாலைக்கும் போய் வாருங்கள்.