கடைசியா தொட்டவன் தலையில

எங்க ஊர் டீக்கடையில பிரேசில் ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. 2022 உலகக் கோப்பை காலிறுதியில் குரோஷியாகிட்ட தோத்ததை அவனுங்களால இன்னமும் ஜீரணிக்க முடியல. சொசைட்டியில பால் ஊத்திட்டு நான் கடைக்குப் போனா, யாராவது ஒருத்தன் ஆரம்பிச்சு வச்சிருப்பான்.

"ரோட்ரிகோ அந்த பெனால்டிய ஒழுங்கா அடிச்சிருந்தா ஜெயிச்சிருப்போம்டா."

"மார்கினியோஸ் கம்பத்துல அடிச்சான்ல, அவனச் சொல்லு."

"நெய்மார ஏன் அஞ்சாவதா வச்சாங்க? அதச் சொல்லு மொதல்ல."

நடந்தது இதுதான். கூடுதல் நேரத்தில் நெய்மார் கோல் போட்டு பிரேசில் முன்னால இருந்தது. மிச்சம் சில நிமிஷம். பந்தை வச்சுக்கிட்டு நேரத்தைக் கடத்த வேண்டிய சமயத்தில், பல பேர் மேல ஏறிப் போயிருந்தாங்க. 117-வது நிமிஷம் குரோஷியா வேகமா திரும்பி வந்தது. பெட்கோவிச் அடிச்ச பந்து மார்கினியோஸ் மேல பட்டு உள்ள போயிருச்சு. அந்த ஆட்டத்தில் கோலை நோக்கி நேரா போன குரோஷியாவோட ஒரே அடி அதுதான். அப்புறம் பெனால்டியில 4-2. முதல்ல அடிக்க வந்த ரோட்ரிகோவுக்கு அப்ப 21 வயசு. அஞ்சாவது ஆளா நின்ன நெய்மாருக்கு முறையே வரல.

இதுல யார் தப்பு? மேல ஏறிப் போனவங்களா, வரிசை போட்ட பயிற்சியாளரா, 120 நிமிஷம் முழுக்க பந்துகளைத் தடுத்து நிறுத்தின லிவாகோவிச்சோட திறமையா? டீக்கடையில அதெல்லாம் கணக்குல வராது. கடைசியா பந்தைத் தொட்டவன் எவனோ அவன்தான் குற்றவாளி.

இதே பிரேசில்ல பார்போசான்னு ஒரு கோல்கீப்பர் இருந்தார். 1950 ஜூலை 16, மரக்கானா மைதானம், உருகுவேயோட கடைசி ஆட்டம். டிரா ஆனாலே கோப்பை பிரேசிலுக்கு. முதல் கோலும் அவங்கதான் போட்டாங்க. அப்புறம் வலது பக்கமா கிக்கியா ஓடிவந்து உள்ள தட்டிவிட, ஸ்கியாஃபினோ சமன் பண்ணிட்டார். 79-வது நிமிஷம் அதே பக்கம் அதே கிக்கியா மறுபடியும் வர்றார். இந்தத் தடவையும் உள்ளதான் தட்டுவார்னு பார்போசா ஒரு எட்டு விலகினார். கிக்கியா அந்த இடுக்குல அடிச்சுட்டார். 2-1.

ஒரே ஆளை ஒரே பக்கத்தில் ரெண்டு தடவை விட்ட தடுப்பாட்டக்காரங்களையும் ஜனங்க திட்டத்தான் செஞ்சாங்க. ஆனா பெரும்பழி கோல்கீப்பருக்கு. 2000-ல அவர் சாகிற வரைக்கும் அது தீரல. பிரேசில் சட்டப்படி அதிகபட்ச தண்டனையே 30 வருஷம்தான், நான் 50 வருஷமா அனுபவிக்கிறேன்னு அவரே சொன்னதா எழுதியிருக்காங்க. ஒரு எட்டு தப்பா வச்சதுக்கு ஐம்பது வருஷம்!

இதைப் படிச்சப்ப எனக்கு என் வயல்தான் ஞாபகம் வந்தது.

சில வருஷம் முன்னாடி, சம்பாவுக்கு யூரியா போட்டு தண்ணி நிறுத்தியிருந்த ராத்திரி, கிழக்கு வரப்பு உடைஞ்சு மொத்தமும் வாய்க்கால்ல போயிருச்சு. தண்ணி கட்டுற பெரியவரை களத்துல நாலு பேர் பார்க்க நிக்க வச்சு கத்தினேன். "நீங்க பாத்துக்கிட்டு என்ன பண்ணீங்க?"ன்னு. அவர் ஒண்ணும் பேசல. மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டார்.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சது. நடவுக்கு முன்னாடியே, "தம்பி, கிழக்கால நண்டு வளையா இருக்கு, அண்டை வெட்டி சேறு பூசிரணும்"னு அவர் என்கிட்ட ரெண்டு தடவை சொல்லியிருந்தார். ஆள் கூலியை மிச்சம் பண்ண நான்தான் தள்ளிப் போட்டேன். வரப்பு உடைஞ்சது ராத்திரி. ஓட்டை விழுந்தது ரெண்டு மாசம் முன்னாடி.

தப்பைப் பேசக் கூடாதுன்னு நான் சொல்லல. பேசாம விட்டா அடுத்த வருஷமும் அதே வரப்புதான் உடையும். "ஏன் மேல ஏறிப் போனாங்க, வரிசை ஏன் அப்படி?"ன்னு கேட்டா அதுல அடுத்த ஆட்டத்துக்கு ஒரு பாடம் இருக்கு. "அவனாலதான் போச்சு"ங்கிறதுல என்ன இருக்கு? நம்ம ஆத்திரம் ஆறும், அவ்வளவுதான். ஆத்திரம் ஆறுறதுக்கு ஒரு மனுஷன் 50 வருஷம் தலை குனிஞ்சு நடந்திருக்கார்.

டீக்கடை பசங்ககிட்ட இதைச் சொன்னேன். "அண்ணே, அது சரிண்ணே, ஆனா ரோட்ரிகோ..."ன்னு ஒருத்தன் இழுத்தான். சிரிச்சுட்டு வந்துட்டேன்.

அந்தப் பெரியவர் அதுக்கப்புறம் என் வயலுக்கு வரல. பக்கத்து ஊர்ல மக வீட்ல இருக்காராம். அறுப்பு முடிஞ்சதும் ஒரு நடை போயி பாத்துட்டு வரணும். என்ன சொல்றதுன்னுதான் தெரியல. வளை இருக்குன்னு நீங்க சொன்னது நெசம்னாவது சொல்லணும்.