மும்மூர்த்திகளுக்கு முகம் கொடுத்தவர் பெயர் என்ன?

கர்நாடக சங்கீதத்தில் உங்களுக்கு ஒரு ஸ்வரம்கூடத் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, எனக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் தியாகராஜர், முத்துஸ்வாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு டீச்சர் வீட்டு ஹாலில், சபா மேடையில் மாலை போட்டு, கேசட் அட்டையில், காலண்டரில், இப்போது வாட்ஸ்அப்பில்... எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும்.

சரி, அதை வரைந்தது யார்?

தெரியாதுதானே? கோபித்துக்கொள்ளாதீர்கள், இது உங்கள் தப்பில்லை. படத்தின் அடியில் யாரும் எழுதி வைக்கவில்லை. என் சண்டையே அதைப் பற்றித்தான்.

வரைந்தவர் எஸ்.ராஜம். 1919 பிப்ரவரி 10-ல் பிறந்தவர், மயிலாப்பூர்வாசி. 2010 ஜனவரி 29-ல், 91 வயதை எட்டச் சில நாட்களே இருக்கும்போது காலமானார். வீணை எஸ்.பாலசந்தருக்கு அண்ணன். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமர் வேஷம் போட்டது இவர்தான். அதில் சீதையாக நடித்தது அவருடைய சொந்தத் தங்கை என்பதால் அந்தக் காலத்தில் முணுமுணுப்பு வேறு! 1943-ல் பாகவதரின் 'சிவகவி'யில் முருகனாக வந்ததும் இவரே. பாபநாசம் சிவன், அம்பி தீட்சிதர், மதுரை மணி ஐயர் ஆகியோரிடம் பாட்டு கற்றார். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தில் வேலை பார்த்தார். மற்ற பாடகர்கள் தொடத் தயங்கிய விவாதி ராகங்களைப் பிடிவாதமாகப் பாடிக் காட்டினார். இத்தனைக்கும் நடுவில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்த ஓவியர். கடைசிவரை வரைந்துகொண்டே இருந்தவர்.

அவருடைய கருவி நீர்வண்ணம். எண்ணெய் வண்ணம் மாதிரி தப்பை மேலே பூசி மறைக்கிற வசதி இதில் கிடையாது. அஜந்தா, சிகிரியா, சித்தன்னவாசல் சுவரோவியங்களைப் பார்த்து அந்தக் கோட்டைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். வண்ணம் தீட்டுவது, தண்ணீரில் அலசுவது, காயவிட்டு மறுபடி தீட்டுவது என்று 'வாஷ்' என்றொரு முறை இருக்கிறது. பல அடுக்கு வண்ணம் காகிதத்தில் ஊறி, ஒரு மூட்டமான ஒளி வரும். ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் 1903-ல் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தோடு பழகினார்கள். அவர்கள் வேலையைப் பார்த்து அபனீந்திரநாத் தாகூர் உருவாக்கியது இந்த முறை. அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் 1929-லிருந்து சென்னை ஓவியப் பள்ளியின் தலைவர். கிழக்காசியத் தூரிகையும் தண்ணீரும் கல்கத்தா வழியாக மெட்ராஸ் வந்த கதை இது. ராஜம் அந்தப் பள்ளியில் படித்தது அந்தக் காலத்தில்தான்.

இப்போது அந்த மும்மூர்த்திகள் படத்துக்கு வருவோம். சியாமா சாஸ்திரி மறைந்தது 1827. தீட்சிதர் 1835. தியாகராஜர் 1847. புகைப்படம் என்ற சமாசாரம் உலகத்துக்கே அறிவிக்கப்பட்டது 1839-ல். அப்படியென்றால் முதல் இரண்டு பேருக்குப் போட்டோ இருக்க வாய்ப்பே இல்லை. தியாகராஜருக்கும் கிடையாது. அவருக்கு வேறு சில பழைய ஓவியங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்று "மும்மூர்த்திகள்" என்றதும் நம் மனதில் வந்து உட்காருகிற முகங்கள் பெரும்பாலும் ராஜத்தின் தூரிகையிலிருந்து வந்தவை. அந்த நெற்றி, அந்தக் கண், உட்காரும் தோரணை எல்லாம் ஒரு மனிதர் யோசித்து முடிவெடுத்தது. நாம் அதற்குத்தான் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறோம்!

இப்படி ஒரு வேலையைச் செய்தவருக்கு நாம் செய்தது என்ன? பெயரை வெட்டினோம். ஏதாவது ஒரு இசை விழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். தலைமை தாங்குபவர் பெயர் இருக்கும். முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை, நகைக்கடை, ஜவுளிக்கடை எல்லாம் இருக்கும். அச்சகத்தின் போன் நம்பர்கூட இருக்கும். மேலே பெரிதாகப் போட்டிருக்கும் படத்தை வரைந்தவர் பெயர் மட்டும் இருக்காது. படத்தை ஸ்கேன் செய்து, ஓரத்தை நறுக்கி, பின்னணியை மாற்றி, மஞ்சள் ஒளிவட்டம் சேர்த்து... என்னத்தைச் சொல்ல!

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? பெயரைக் காப்பாற்றுவதில் கர்நாடக சங்கீதக்காரர்களை மிஞ்ச ஆளே கிடையாது. தியாகராஜர் கிருதி என்றால் கடைசியில் 'தியாகராஜ' என்று வரும். தீட்சிதருக்கு 'குருகுஹ'. சாஸ்திரிக்கு 'ஸ்யாமகிருஷ்ண'. இதற்குப் பெயரே முத்திரை. முத்திரை வரும் சரணத்தைப் பாடாமல் விட்டால் ரசிகர்கள் சும்மா விடுவார்களா? 'குருகுஹ' இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, இது தீட்சிதர் பாட்டா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள். அந்த மூன்று பேர் பாட்டிலும் முத்திரையைத் தேடுகிறவர்கள், மூன்று பேரையும் வரைந்தவருடைய முத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள்.

ராஜம் எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். 72 மேளகர்த்தா ராகங்களிலும் கோடீஸ்வர ஐயர் தமிழில் கிருதிகள் செய்தார். அவற்றைத் தேடிப் பிடித்துப் பாடிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ராஜம். கோடீஸ்வர ஐயரின் முத்திரை 'கவிகுஞ்சரதாசன்'. கவிகுஞ்சர பாரதி அவருடைய தாத்தா. அந்தத் தாத்தா யாரோ எவரோ இல்லை, எங்கள் ராமநாதபுரம் சமஸ்தானம் ஆதரித்த கவி. அதாவது எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரின் பெயரை, பேரன் பாட்டில் வைத்தார். சம்பந்தமே இல்லாத மயிலாப்பூர்க்காரர் ஒருவர் அதைக் காலமெல்லாம் ஒரு எழுத்து விடாமல் பாடினார். அடுத்தவன் பெயரை அவ்வளவு மரியாதையாகச் சுமந்த மனுஷனுக்கு, அவர் பெயரைச் சுமக்க ஆள் இல்லை.

இதற்குச் சில பதில்கள் தயாராக இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நம் மரபில் கலைஞன் பெயர் போட மாட்டான். கோயில் சிற்பி போட்டானா?" நல்ல கேள்வி. சிற்பி தானாக விட்டானா, போட விடவில்லையா என்பது தனி விவாதம். ஆனால் ராஜம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆள் இல்லை. 2010 வரை நம்மோடு இருந்தவர். பாட்டுக்கு ஒரு மரபு, படத்துக்கு வேறு மரபு என்பது எந்த ஊர் நியாயம்? போட்டுக்கொள்ளாதது அவரவர் அடக்கம். இருக்கிற பெயரை எடுப்பதற்கு வேறு பெயர் உண்டு.

"காலண்டர் படம்தானே, இதெல்லாம் ஓவியமா?" ரவிவர்மா 1894-ல் அச்சகம் வைத்துப் போட்டதும் சுவரில் மாட்டும் படங்கள்தான். படத்தோடு பெயரும் வீடு வீடாகப் போனது, இன்றைக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தப் பெயர் தெரிகிறது. நாமக்கல்காரரான பி.எம்.சீனிவாசன் ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்தார். கோயில் கோயிலாக உட்கார்ந்து சிலைகளைப் பார்த்துப் போட்ட படங்கள். 'சில்பி' என்ற கையெழுத்தோடு வந்தன. 1983-ல் போய்விட்டார், இன்றும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "சில்பி படம்" என்றுதான் சொல்கிறார்கள். காகிதம் மட்டமா உசத்தியா என்பதில் ஒன்றுமில்லை. பெயர் கூடவே அச்சானதா என்பதுதான் விஷயம்.

"கலையை ரசி, கலைஞனை ஏன் தேடுகிறாய்?" இதைச் சீனாக்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அங்கே மையும் நீர்வண்ணமும் கொண்டு வரைகிற மரபில், ஓரத்தில் விழும் சிவப்பு முத்திரையும் படத்தின் ஒரு அங்கம். அது எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதையும் ஓவியர் யோசிப்பார். தச்சு வேலையில் தொடங்கி உலகப் புகழ் பெற்ற சி பைஷி (1864–1957) தன் முத்திரைகளைத் தானே செதுக்கிக்கொண்டவர். படம் கைமாறினால் வாங்கியவரும் தன் முத்திரையைக் கூடவே குத்துவார். சியென்லுங் பேரரசர் தன்னிடம் இருந்த ஓவியங்களில் இஷ்டத்துக்குக் குத்தித் தள்ளினார். பேரரசருக்கே பெயர் சேர்க்கும் ஆசைதான் இருந்தது. வரைந்தவன் முத்திரையை வெட்டி எடுப்பது அங்கே மோசடிக்காரன் வேலை.

சரி, மரபெல்லாம் வேண்டாம், சட்டம் பேசலாமா? நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 57-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது: பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சிதைத்ததற்கு எதிராகச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருப்பதைத் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் தரச் சொன்னது. காசு கொடுத்து வாங்கியது அரசாங்கமே என்றாலும் படைத்தவனின் மரியாதை அவனுடையதுதான். நாம் இங்கே நஷ்டஈடு கூடக் கேட்கவில்லை. ஒரு பெயர் கேட்கிறோம்.

தங்கச்சிமடத்துக்காரனுக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் மணலில் பதியன் போட்டு எடுத்த மல்லிகை நாற்றுதான் கட்டுக் கட்டாகப் பாம்பன் பாலம் தாண்டிப் போய்த் தமிழ்நாடெங்கும் தோட்டமாகிறது. பூ பூத்ததும் அது மதுரை மல்லி. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மதுரை மேல் எனக்குக் கோபம் இல்லை, மண்ணுக்கும் மணத்துக்கும் அவர்கள் பெயர் வாங்கட்டும். ஆனால் நாற்று எங்கிருந்து வந்தது என்று பூ வைத்துக்கொள்பவர் யாரும் கேட்பதில்லை. அந்த உறுத்தல் இங்கே இருக்கும் எல்லோருக்கும் உண்டு. ஊருக்கே இப்படி என்றால் ஒரு தனி மனிதருக்கு?

அதனால் கேட்பது இவ்வளவுதான். சபாக்காரர்களே, அடுத்த அழைப்பிதழில் படத்தின் கீழே 'ஓவியம்: எஸ்.ராஜம்' என்று ஒரு வரி போடுங்கள். நகைக்கடை விளம்பரத்தை ஒரு அங்குலம் குறைத்தால் இடம் கிடைக்கும். பாட்டு டீச்சர்களே, மூன்று பேர் பெயரைச் சொல்லிக் கொடுக்கும்போது நான்காவது பெயரையும் சொல்லிக் கொடுங்கள். டிசைன் செய்யும் நண்பர்களே, ஓரத்தில் ஏதோ கிறுக்கல் இருக்கிறதே என்று நறுக்குவதற்கு முன் அது கையெழுத்தா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இருந்தால், ஒரு பேனாவை எடுத்து ஃப்ரேமுக்குப் பின்னால் நீங்களே எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது அதைக் கழற்றித் துடைக்கும்போது படிப்பார்கள்.