நெஞ்சுவலிக்கு நாம் இடும் பெயர்

திருப்பாதிரிப்புலியூரில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், நம் வீடுகளில் அதற்கு இடப்படும் முதற்பெயர் 'வாயு'. ஓமநீர் வரும், சோடா வரும், தணியாவிட்டால் ஓதிய தண்ணீர் வரும். பெண்களோ விடியும்வரை வாய் திறப்பதில்லை. மய்யித்தான பின் 'தக்தீர்' என்கிறோம். அண்டை வீட்டு இந்துச் சகோதரர்கள் 'விதி' என்பர். ஓமநீர் அவர்களுக்கும் உண்டு. ஆக, இப்பழக்கம் மார்க்கம் தந்ததன்று, மண் தந்தது.

அதே மண்ணுக்கு வேறொரு கணக்கும் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, பிறருக்கு 58.8. காரணங்கள் புதியவை அல்ல: புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு. நம்மை அவை இளமையிலேயே பற்றுகின்றன. (ஹலால் என்பதாலேயே பிரியாணி இதயத்துக்கு இதமாகிவிடாது.)

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றபோது, நபி (ஸல்) அவர்கள் அவரது நெஞ்சில் கைவைத்துப் பார்த்து, இது இதய நோய் என்று கூறி, ஹாரிஸ் இப்னு கலதா என்னும் மருத்துவரிடம் செல்லப் பணித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. துஆச் செய்யும் உரிமை யாரினும் மிக்கவர்கள், மருத்துவரின் பெயரைச் சொல்லி அனுப்பினார்கள். தக்தீரை நம்பியவர்கள்தாம் அவர்களும்.

ஓதுவதை விடச் சொல்லவில்லை. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை ஓதலாம். மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனை செல்லும் வழியெல்லாம் ஓதலாம்.