கம்பெனிக் காசுக்குக் கோடி ரூபாயாம்!

லீவுக்கு மட்டும் ஊருக்கு வர்ற அண்ணன் தம்பிகளே, உங்ககூட ஒரு சண்டை பாக்கி இருக்குங்க. "ராமர் படம் போட்ட கம்பெனிக் காசு இருந்தா கோடிக்குப் போகும்"ங்கிற வீடியோவைச் சித்தப்பன் பெரியப்பனுக்கெல்லாம் அனுப்பி வைக்கிறது நீங்கதான். அனுப்பிட்டு நீங்க ஆபீசுக்குப் போயிடுறீங்க. இங்க ஒருத்தர் அதை நம்பி, பதிவுக் கட்டணம், வரி, இன்சூரன்ஸ்னு மூணு தவணையா பணம் கட்டி, கடைசியில கறவை மாட்டை வித்தாரு. காசு இன்னும் அவர் வேட்டி மடிப்புலதான் இருக்கு. வாங்க வர்றேன்னவன் போனை எடுக்கிறதில்ல.

அந்தக் காசைத்தான் பாருங்களேன். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணன், அனுமார். மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒரு அணா, 1818. கம்பெனி 1835-ல நாடு முழுக்க ஒரே மாதிரி நாணயம் அடிச்சப்பகூட செம்புல பெருசு அரை அணாதான். ஒரு அணா தனிக் காசா புழக்கத்துக்கு வந்தது ஏழாம் எட்வர்டு காலத்துல, அதுவும் நிக்கல் கலந்து. அப்புறம் 1818-ல எங்கிருந்து வந்துச்சு? அது கோயில் டோக்கன். பூஜை ரூம்ல வச்சுக் கும்பிடுங்க, தப்பில்ல. விலைன்னு கேட்டா சில நூறு ரூபாய்க்கே யோசிக்கணும்.

சாமி உருவம் இருந்தாலே போலின்னு நான் சொல்லல. மெட்ராஸ்ல கம்பெனி அடிச்ச தங்க வராகன்ல பெருமாள் உண்டு, மூணு சாமி நிக்கிற வராகனும் உண்டு. ஆனா அது தங்கம், சின்னது, எடை கணக்கா இருக்கும்.

"பழசுன்னா விலை" அப்படிங்கிறது அடுத்த புளுகு. 1809-ல அட்மிரல் கார்ட்னர்னு ஒரு கப்பல் மெட்ராசுக்கு டன் கணக்குல செம்புக் காசு ஏத்திக்கிட்டு வந்து, இங்கிலாந்து கரையோரமே மணல் திட்டுல மாட்டி முங்கிப் போச்சு. 1980-கள்ல அள்ளி எடுத்தாங்க. அதுல இருந்த 1808-ம் வருசத்து பத்துக் காசு, இருபது காசெல்லாம் இரண்டு நூற்றாண்டு தாண்டியும் சாதாரண விலைக்கே கிடைக்குது. ஏன்னா நிறைய இருக்கு. எத்தனை மிஞ்சியிருக்கு, எழுத்து தேயாம இருக்கா, கேக்க ஆளிருக்கா, இந்த மூணுதாங்க விலை.

டச்சுக்காரன் துட்டும் அப்படித்தான். வி.ஓ.சி.ன்னு மூணு எழுத்து பின்னிக் கிடக்கும். வ.உ.சிதம்பரனார் கப்பல் கம்பெனி காசுன்னு ஒரு படிச்ச தம்பி அடிச்சுச் சொன்னாப்ல! அய்யா பிறந்தது 1872, டச்சுக் கம்பெனி 1799-லயே மூடிட்டான். நாகப்பட்டினம், பழவேற்காடு பக்கம் அவன் இருந்ததால இந்தத் துட்டு நம்ம நாட்டுல தாராளமா கிடைக்கும்.

காசு அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் இருக்குன்னு எவனாவது வந்தா நேரா போலீசுக்குப் போங்க. பழைய காசு விக்கக் கமிஷன் கேக்கிறவனை நம்பாதீங்க, அந்த மாதிரி எந்தக் கட்டணமும் நாங்க வாங்கறதில்லன்னு ரிசர்வ் வங்கி 2021-லயே அறிவிச்சிருக்கு. அந்த அறிவிப்பை மட்டும் ஏன் யாரும் பார்வர்டு பண்ண மாட்டேங்கிறீங்க?

உழவுல காசு கிளம்புனா தாசில்தாருக்கோ விஏஓவுக்கோ சொல்லணும், 1878-ம் வருசத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கு. வீட்டுப் பெட்டியில கிடந்ததுன்னா, தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. பளபளன்னு ஆன செம்பை எந்தச் சேகரிப்பாளரும் தொட மாட்டார்.